கண்டேன் என்று சொல்லும் முன்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எழுதலாமா, வேண்டாமா என்று நெடுநாள் தயங்கினேன். அதில் எங்களுக்குப் பெருமை சேர்ப்பது எதுவுமில்லை. எனினும், மறைப்பதைவிடச் சொல்வதே பிறருக்குப் பயன் தரும் என்று அத்தாவே கூறிவிட்டதால் எழுதுகிறேன்.

அத்தாவுக்கு அப்போது 62 வயது. அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் வீடு திரும்பியவர், பள்ளிவாசல் தெருவிலிருந்து கடைத்தெருவுக்குத் திரும்பும் முனையில், மிதிவண்டியில் வந்த 13 வயதுச் சிறுவன்மீது மோதிவிட்டார். சிறுவனுக்கு வலக்கை எலும்பு முறிந்தது. கூட்டம் கூடியது. "இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். சாலை காலியாக இருந்தது. பையன் எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை" என்றார் அத்தா.

பொய் பேசாதவர் என்று ஊரில் பெயர் பெற்றவர் அவர். ஆகவே அவர் சொன்னதை எல்லாரும் ஏற்றுக்கொண்டனர். சிறுவனோ சந்தையில் மூட்டை தூக்கும் ஒருவரின் மகன். "அந்தத் தெருப் பிள்ளைகள் எப்போதும் இப்படித்தான், கண்மண் தெரியாமல் ஓட்டுவார்கள்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதுவே தீர்ப்பாகிவிட்டது. சிறுவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனுடைய தகப்பனார் தலையைக் குனிந்தபடி மகனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். நானும் எதுவும் கேட்கவில்லை.

ஐந்து மாதங்கள் கழித்து, படிக்கும் கண்ணாடியை மாற்றுவதற்காக அத்தாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் விழியின் உட்புறத்தை ஆராய்ந்துவிட்டு, பார்வைப் புலச் சோதனை செய்யுமாறு கூறினார். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நடுவிலுள்ள ஒளிப்புள்ளியையே நோக்கியிருக்க வேண்டும். சுற்றிலும் எங்கேனும் சிறு வெளிச்சம் தோன்றினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே இச்சோதனை நடந்தது. அச்சாகி வந்த இரண்டு தாள்களிலும் கருமை படர்ந்திருந்தது. நடுப்பார்வைக்கு இடப்புறம், ஒரு கண்ணில் பார்வை போயிருந்த இடமும் மற்றக் கண்ணில் பார்வை போயிருந்த இடமும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோய். பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல வளர்ந்திருக்கும் என்றார் மருத்துவர்.

அத்தா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "எனக்கு எங்கேயும் கருப்பாகத் தெரியவில்லையே டாக்டர்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவையே இக்கட்டுரை.

எல்லாருடைய கண்ணிலும் உள்ள இடைவெளி

நோயே இல்லாத கண்ணிலும் பார்வையற்ற ஓர் இடம் உண்டு. கண்ணின் உட்புறச் சுவரில் விழித்திரை படர்ந்திருக்கிறது. ஒளியை உணரும் செல்கள் அதில்தான் உள்ளன. அச்செல்களின் செய்தியை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பிழைகள், ஒவ்வொரு கண்ணிலும் ஏறத்தாழ 10 இலட்சம். அவை விழித்திரையின் முன்புறமாக ஓடி, ஓரிடத்தில் ஒன்றுகூடி, பார்வை நரம்பாகக் கட்டுண்டு கண்ணைவிட்டு வெளியேறுகின்றன. அவை வெளியேறும் அந்த வாயிலில் ஒளியை உணரும் செல்களுக்கு இடமில்லை. ஆகவே அங்கே விழும் ஒளி வீணாகிறது. அதையே குருட்டுப் புள்ளி என்கிறோம்.

இதை நீங்களே இப்போது சோதித்துப் பார்க்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியை வரையுங்கள். அதற்கு நேர் வலப்பக்கம், 8 சென்டிமீட்டர் தள்ளி, சுண்டைக்காய் அளவில் ஒரு கரும்புள்ளியை வையுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் நோக்கியபடி, தாளை மெல்ல முகத்தருகே கொண்டு வாருங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் கரும்புள்ளி காணாமற்போகும். இன்னும் அருகே கொண்டுவந்தால் மீண்டும் தோன்றும்.

'புள்ளி' என்னும் பெயரைக் கேட்டு அதைச் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. நடுப்பார்வையிலிருந்து ஏறத்தாழ 15 பாகை தள்ளி, 5 பாகைக்கும் சற்று மிகுந்த அகலத்தில் அது இருக்கிறது. வானத்தை நோக்கினால், முழுநிலவுகள் பத்தை அருகருகே வரிசையாக வைத்தாலும் மறைத்துவிடும் அகலம் அது. பிறந்த நாள் முதல் இவ்வளவு பெரிய இடைவெளியைக் கண்ணில் சுமந்துகொண்டே நாம் வாழ்கிறோம். ஆயினும், பிறர் சொல்லாமல் தானாகவே அதை உணர்ந்தவர் நம்முள் யார்?

மனித இனமும் அதை நெடுங்காலம் உணரவில்லை. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த கிறித்தவத் துறவியும் அறிவியலாளருமான எட்மே மரியோட் என்பவர் 1660களில் அதைக் கண்டறிந்து, 1668இல் வெளியிட்டார். அதிலும் அவர் தற்செயலாக அதைக் காணவில்லை. பார்வை நரம்பு கண்ணின் நேர் நடுவே சேராமல் சற்று விலகிச் சேருவதை உடற்கூற்றில் கண்டு, அவ்விடத்தில் பார்வை எவ்வாறு இருக்கும் என்று வேண்டுமென்றே தேடியபோதுதான் அகப்பட்டது.

மரியோட்டின் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அவர் கண்டது சரி, அதிலிருந்து அவர் செய்த முடிவு தவறு. நரம்பு நுழையும் இடத்தில் பார்வை இல்லை என்றால், நரம்போடு தொடர்புடைய விழித்திரை பார்வைக்கு உரிய உறுப்பாக இருக்க முடியாது என்றும், அதன் பின்னாலுள்ள கோராய்டு என்னும் படலமே பார்க்கிறது என்றும் அவர் வாதிட்டார். ழான் பெக்கே என்னும் உடற்கூற்று அறிஞர் அதை மறுத்து, விழித்திரையே பார்க்கிறது என்றார். பெக்கே சொன்னதே உண்மை எனப் பின்னாளில் உறுதியாயிற்று. குருட்டுப் புள்ளியைக் கண்டுபிடித்தவரே, தாம் கண்டதற்கும் தாம் கருதியதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் தடுமாறினார்.

இந்த இடைவெளியைக் காட்டிப் படைப்பில் குறை சொல்வாரும் உண்டு. ஆக்டோபசின் கண்ணில் நரம்பிழைகள் விழித்திரைக்குப் பின்புறமாகச் செல்வதால் அதற்குக் குருட்டுப் புள்ளி இல்லை என்பதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். அதே கண்ணைக் காட்டி அற்புதம் என்று பேசுவாரும் உண்டு. அந்த வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. என் கவலை வேறு. அக்கண்ணை வைத்துக்கொண்டு பிறரைப் பற்றி நாம் சொல்லும் சொல்லைப் பற்றியதே அது.

மூளை இட்டு நிரப்புவது எதை?

மேலே சொன்ன சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். இம்முறை கரும்புள்ளியின் வழியே குறுக்காக ஒரு நீண்ட கோட்டை வரைந்துகொள்ளுங்கள். புள்ளி மறையும் வேளையில் கோட்டில் பிளவு தெரிகிறதா? தெரியாது. கோடு முழுமையாக, இடைவிடாமல் ஓடுவது போலவே தோன்றும். தாளின் நிறத்தை மஞ்சளாக்கினால், மறைந்த இடமும் மஞ்சளாகவே தோன்றும்.

சென்னையில் மருத்துவம் பயின்று, பின்னர் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் நரம்பியல் ஆய்வாளராக விளங்கும் வி. எஸ். இராமச்சந்திரன், 1990களின் தொடக்கத்தில் இதைப் பலவாறு ஆராய்ந்தார். மூளை அந்த இடத்தை வெறுமையாக விடுவதில்லை. சுற்றிலும் உள்ள நிறத்தையும் கோட்டையும் கோலத்தையும் நீட்டி, அந்த இடத்தை மூடிவிடுகிறது என்று அவருடைய சோதனைகள் காட்டின.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நிரப்பப்படும் பொருள் அந்த இடத்திலிருந்து வந்ததன்று, அண்டை அயலிலிருந்து வந்தது. அந்த இடத்தில் மெய்யாகவே என்ன இருக்கிறது என்பதை மூளை அறியாது. சுற்றிலும் வெண்மையானால் வெண்மை, சுற்றிலும் கோடானால் கோடு. இரண்டாவது, இவ்வாறு நிரப்பினேன் என்று மூளை நமக்கு அறிவிப்பதில்லை. ஒட்டுப்போட்ட துணியில் தையலாவது தெரியும். இதில் தையலும் தெரியாது.

இதைவிட வியப்பான ஒன்றை ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரத்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டனர். கோடுகள் நிறைந்த இரண்டு வட்டங்களைக் காட்டினர். ஒன்று தெளிவாகத் தெரியும் இடத்தில் இருந்தது. மற்றொன்றின் நடுப்பகுதி குருட்டுப் புள்ளியில் விழுந்தது. எந்த வட்டத்தில் கோடுகள் இடைவிடாமல் ஓடுகின்றன என்று கேட்டனர். கண்ணால் முழுமையாகக் கண்டதைத்தானே மக்கள் தேர்வார்கள் என்று எதிர்பார்ப்போம். ஆனால் மூளை நிரப்பிக் காட்டிய வட்டத்தையே அவர்கள் மிகுதியாகத் தேர்ந்தனர். கண்டதைவிடக் காணாததையே அவர்கள் அதிகம் நம்பினர் என்று பொருள்.

அத்தாவின் கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. கிளாக்கோமாவில் பார்வை நரம்பின் இழைகள் சிறிது சிறிதாக அழிகின்றன. பெரும்பாலும் வலி இல்லை, சிவப்பு இல்லை, எச்சரிக்கையும் இல்லை. நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கலாம். நாளிதழைப் படிக்கலாம், எதிரில் நிற்பவரின் முகத்தை அடையாளம் காணலாம். இழந்த இடம் இருளாகத் தெரிவதுமில்லை. லண்டனில் 50 கிளாக்கோமா நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் காணும் உலகம் எப்படி இருக்கிறது என்று படங்களைக் காட்டிக் கேட்டனர். கருஞ்சுரங்கத்தின் வழியே பார்ப்பது போன்ற படத்தையோ கருந்திட்டுகள் உள்ள படத்தையோ ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. ஏறத்தாழ நால்வரில் ஒருவர், தமக்கு எந்தக் குறையும் தெரியவில்லை என்றே கூறினர். தென்னிந்தியாவில் நடந்த ஆய்வுகளிலும், இந்நோய் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதற்கு முன் தமக்கு அது இருப்பதையே அறிந்திருக்கவில்லை.

அன்று தெருமுனையில் அத்தா இரண்டு பக்கமும் பார்த்தது உண்மை. சாலை காலியாகத் தெரிந்ததும் உண்மை. ஆனால் அந்தக் காலிச் சாலையின் ஒரு துண்டைக் கண் காணவில்லை. சுற்றியிருந்த தார்ச்சாலையை நீட்டி மூளையே வரைந்து கொடுத்தது. அந்தத் துண்டில்தான் சிறுவன் வந்துகொண்டிருந்தான்.

பஸராவிலிருந்து இரண்டு செய்திகள்

நபித்தோழர் அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்களில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. முதுமையில் பஸராவில் வாழ்ந்த அவர்கள், மக்கள் பிறை பார்க்கக் கூடியிருந்தபோது, பிறையைக் கண்டுவிட்டதாகச் சுட்டிக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. கூர்த்த அறிவுக்குப் பெயர் பெற்றவரும், பின்னாளில் அவ்வூரின் காழியாக இருந்தவருமான இயாஸ் பின் முஆவியா அங்கிருந்தார். அவர் அனஸ் (ரலி) அவர்களின் முகத்தை உற்றுநோக்கினார். புருவத்திலிருந்து நரைத்த ஒரு முடி வளைந்து கண்முன் தொங்கியது. இயாஸ் அந்த முடியை மெல்ல ஒதுக்கிவிட்டு, இப்போது பிறை தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றார்கள் அனஸ் (ரலி).

இந்நிகழ்ச்சியில் இயாஸின் பண்பாடு என்னைக் கவர்கிறது. பெருமானாருக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த ஒருவரின் வாய்மையை அவர் ஐயப்படவில்லை. அதற்காகச் சாட்சியத்தைச் சோதிக்காமலும் விடவில்லை. வாய்மை வேறு, காட்சியின் சரிநிலை வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். எங்கள் ஊர்க் கூட்டமோ அவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டது. அத்தா பொய் சொல்லமாட்டார், ஆகவே அவர் சொன்னது நடந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டியது.

அதே பஸராவில் ஏறத்தாழ 965இல் பிறந்தவர் இப்னுல் ஹைஸம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் நூலில், பார்வை என்பது கண்ணோடு முடிந்துவிடுவதில்லை என்று அவர் விளக்கினார். நாம் ஒரு பொருளை அடையாளம் காணும்போது, முன் கண்டவற்றோடு ஒப்பிடுதல், ஊகித்தல், தீர்மானித்தல் ஆகியவை உள்ளத்தில் மிக விரைவாக நடந்துவிடுகின்றன. விரைவின் காரணமாக, தீர்மானித்தோம் என்பதையே நாம் உணர்வதில்லை. நேரே கண்டோம் என்று எண்ணுகிறோம். குருட்டுப் புள்ளியை அவர் அறிந்தவரல்லர். ஆயினும் அதன் உட்பொருளை மரியோட்டுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னரே அவர் எழுதிவைத்துவிட்டார். தாலமியின் கருத்துகளை ஆராய்ந்து எழுதிய வேறொரு நூலில், உண்மையைத் தேடுபவன் முன்னோரின் நூல்களை ஐயுற்று ஆராய்வதோடு, ஆராயும் தன்னையும் ஐயுற வேண்டும் என்ற கருத்தையும் அவர் வலியுறுத்தினார்.

நம் பேச்சில் உள்ள குருட்டுப் புள்ளி

திருமறையின் பனூ இஸ்ராயீல் அத்தியாயம், அறிவில்லாத ஒன்றைப் பின்பற்றிச் செல்வதைத் தடுக்கிறது. செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் எச்சரிக்கிறது. ஹுஜுராத் அத்தியாயம், வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படியும், ஊகங்களில் பெரும்பாலானவற்றைவிட்டு விலகும்படியும் கட்டளையிடுகிறது. இவற்றைச் சிறுவயது முதல் ஓதி வருகிறோம். ஆயினும் 'நான் ஊகிக்கவில்லை, கண்ணால் கண்டேன்' என்னும் ஒரு சொல்லால் அக்கட்டளைகளிலிருந்து நம்மை நாமே விடுவித்துக்கொள்கிறோம். கண்ணால் கண்டதிலேயே ஊகம் கலந்திருக்கிறது என்றால், அந்த விடுதலை செல்லுமா?

பேருந்து நிலையத்தில் ஒரு பெண்பிள்ளை யாரோ ஒருவருடன் பேசிக்கொண்டிருந்ததைக் காண்கிறோம். கண்டது அவ்வளவே. இஷாவுக்குள் அது தெருமுழுதும் ஒரு கதையாகிவிடுகிறது. கடன் வாங்கியவர் நம்மைக் கண்டும் காணாதது போல் போனார் என்கிறோம். அவர் போனதைத்தான் கண்டோம், அவர் நம்மைக் கண்டதை நாம் எப்படிக் கண்டோம்? சம்பந்தம் விசாரிக்க வருபவரிடம், இரண்டு முறை பார்த்த ஒருவரைப் பற்றி இருபது ஆண்டுகள் பழகியவர் போல் பேசுகிறோம். விடுபட்ட இடங்களை எதைக் கொண்டு நிரப்புகிறோம்? மூளை செய்வதையே செய்கிறோம். அந்த மனிதரிடமிருந்து எடுப்பதில்லை, அவருடைய தெருவிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் வறுமையிலிருந்தும் எடுத்து நிரப்புகிறோம். 'அந்தத் தெருப் பிள்ளைகள் இப்படித்தான்' என்றவர் அதைத்தான் செய்தார். அந்தச் சிறுவனை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

ஐயம்தான் நல்லது, எதையும் நம்பாதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவ்வாறு வாழ முடியாது. நிரப்பும் திறன் இல்லையேல், ஒரு கண்ணை மூடும் ஒவ்வொரு முறையும் உலகில் ஓர் ஓட்டை தெரியும். அத்திறன் ஓர் அருட்கொடை. ஆனால் சாலையைக் கடக்க உதவும் ஒன்றை, ஒரு மனிதனைக் குற்றவாளியாக்கும் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே என் கருத்து. பிறருடைய மானம் சம்பந்தப்படும்போது, கண்டது எது, கருதியது எது என்று பிரித்துச் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

இந்தக் குறைக்கு மருந்தும் கண்ணிலேயே இருக்கிறது. இரண்டு கண்களையும் திறந்திருந்தால் குருட்டுப் புள்ளி நம்மைத் தொல்லை செய்வதில்லை. ஒரு கண் தவறவிடும் இடத்தை மற்றக் கண் காண்கிறது. இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து பார்ப்பதால்தான் அது முடிகிறது. இரண்டு கண்களும் ஒரே இடத்தில் பார்வையிழந்தால், இரண்டு இருந்தும் பயனில்லை. அத்தாவுக்கு நேர்ந்தது அதுதான். அன்று தெருவில் நின்ற எங்களுக்கும் அதுதான் நேர்ந்தது. இருபது பேர் இருந்தோம். எல்லாரும் ஒரே பக்கத்தில் நின்று பார்த்தோம். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்த ஒரே ஒருவனிடம் கேட்கவில்லை.

அலீ (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் யமனுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, இரண்டாமவரின் சொல்லையும் கேட்காமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என்று அறிவுறுத்திய செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. ஜமாஅத் பஞ்சாயத்துகளில் அமர்வோர் இதை மனத்தில் இருத்த வேண்டுகிறேன். வந்து முறையிடுபவர் நல்லவர், தொழுகையாளி, பொய் பேசாதவர் என்பது மற்றவரைக் கேளாமல் விடுவதற்குக் காரணமாகாது. நல்லவரின் கண்ணிலும் குருட்டுப் புள்ளி உண்டு.

இன்னொரு வேண்டுகோள் மிக எளியது. நாற்பது வயதைக் கடந்தவர்கள், பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும், கண் மருத்துவரிடம் சென்று கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ கிளாக்கோமா இருந்தால் கட்டாயம் செல்லுங்கள். இந்நோயில் போன பார்வை திரும்பாது. எஞ்சியிருப்பதைச் சொட்டு மருந்தாலும், லேசர் அல்லது அறுவை சிகிச்சையாலும் பெரும்பாலும் காத்துக்கொள்ள முடியும். 'எனக்கு நன்றாகத் தெரிகிறது' என்பது சோதனையின் முடிவன்று. வீட்டில் வண்டி ஓட்டும் முதியவர்கள் இருந்தால் அவர்களை நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று மாலை, மஃரிபுக்குப் பின், அந்தச் சிறுவனின் வீட்டுக்குத் தம்மை அழைத்துப்போகுமாறு அத்தா கூறினார். சிகிச்சைக்கு ஆன செலவை அவர்கள் முன் வைத்தார். பையனுடைய தகப்பனார் முதலில் வாங்க மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார். அத்தா சிறுவனை அருகில் அழைத்து, "அன்றைக்கு என்ன நடந்தது தம்பி?" என்று கேட்டார். ஐந்து மாதங்களில் அவனிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"மணி அடிச்சேன் பெரியத்தா. நீங்க என்னை நேராப் பார்த்தீங்க. அதனால நிறுத்திடுவீங்கன்னு நினைச்சேன்" என்றான் அவன்.

அவனும் கண்டதைக் கொண்டு காணாததை நிரப்பிக்கொண்டிருந்தான். மறுநாள் ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் அத்தா பள்ளிவாசலில் எழுந்து நின்று, தவறு தம்முடையது என்றும், சிறுவன் ஒழுங்காகவே வந்தான் என்றும் அனைவரும் கேட்கும்படி சொன்னார். ஸ்கூட்டரின் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பின் அவர் வண்டி ஓட்டியதில்லை.

காணாததைக் கண்டதாகச் சொல்வதிலிருந்து நம் நாவுகளையும், அறியாததைக் கொண்டு பிறரை எடைபோடுவதிலிருந்து நம் உள்ளங்களையும் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.